வெட்டித் தைத்த வயிறும் மாமி வீட்டுச் சஹனும்

அன்பு மகனுக்கு,

உனக்கும், உன் இரைப்பையில் டொக்டர் மிச்சம் வைத்த பாகத்துக்கும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும்.

நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. உன் உம்மா அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். “இதாரு? மகன்ட கூட்டாளியா? பாவம், நல்லா வருத்தக்காரனாக் கிடக்கான். இவனுக்கு உம்மா வாப்பா இல்லயா?” என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். பிறகு அவளாகவே உன் காதுகளைக் கண்டுபிடித்தாள். உடம்பில் அவை இரண்டுதான் பழைய அளவில் இருந்தன. அன்று பகல் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிள்ளை மெலிந்ததற்காகத் தாய் பட்டினி கிடப்பதில் என்ன நியாயம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு எப்படியும் அதிகம் பசிப்பதில்லை.

படம் எங்கள் வீட்டோடு நின்றிருந்தால் நல்லது. உன் சாச்சி அதைப் பார்த்துவிட்டுச் சீனி வருத்தம் என்றாள். எதிர்வீட்டுக்காரர் இருமிக் காட்டிக் கசம் என்றார். பள்ளிவாசலில் ஒருவர், அரபி சோறு போடுவதில்லை போலும் என்று என்னிடமே வந்து அனுதாபம் தெரிவித்தார். நீ இங்கிருந்து போன நாளில் இதே ஆட்கள்தான் உன்னைச் சுற்றி நின்று, நல்ல வளர்த்தி, வாப்பாவின் கை குறைவைக்கவில்லை என்று சொன்னவர்கள். மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கிய, முப்பது ஆவதற்குள் பிரஷர் குளிசை விழுங்கிய, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்த ஒருவனை அன்றைக்கு யாரும் வருத்தக்காரன் என்று சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறார்கள். நம்முடைய ஊரில் ஒருவன் நிறையோடு மௌத்தானால் அது விதி. நிறையைக் குறைத்துக்கொண்டு உயிரோடு திரும்பி வந்தால் அது நோய். ஆகவே தெருவுக்கு விளக்கம் சொல்லப் புறப்படாதே. தெரு உன் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு தன் முடிவையே வைத்திருக்கும். ஆனால் நீ விளக்கம் சொல்லியே ஆகவேண்டிய வீடு ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதம் அந்த வீட்டைப் பற்றியது. மற்றவை எல்லாம் அதற்குப் போகும் வழி.

நீ தொலைபேசியில் சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை. கொமினிகேஷன் கடையின் கண்ணாடிக் கூண்டு, உள்ளே பேசுவது வெளியே தெளிவாகக் கேட்கவேண்டும் என்ற நோக்கத்தோடு கட்டப்பட்டது. “வாப்பா, இரப்பையச் சின்னனாக்கி, குடல மாத்தித் தச்சிரிக்காங்க. இப்ப நல்லம். உம்மாக்குச் சொல்லாதீங்க. பொண்ணு ஊட்டுக்கும் சொல்லாதீங்க” என்றாய். நான் ஓம் என்றேன். “கலியாணத்தண்டு மட்டும் எல்லாருக்கும் முன்னால திண்டு காட்டினாப் போதும். பொறகு கிணத்தடிக்குப் போய் வெளிய எடுத்துருவன். இங்கயும் அப்பிடித்தான் சமாளிக்கிற” என்று சொல்லிச் சிரித்தாய். அதற்கும் நான் ஓம் என்றேன். போகிற போக்கில், உள்ளங்கால் ரெண்டும் மரத்துக் கிடக்கிறது, ஏசியில் வேலை செய்வதால் இருக்கும் என்றும் சொன்னாய். ஓம் என்றேன். வெளியே வந்ததும் கடைக்காரர், “என்ன சேர், நல்ல செய்திதானே?” என்று கேட்டார். அவருக்கும் ஓம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்த நாலு ஓமில் ஒன்றுகூட உண்மை இல்லை.

நீ செய்துகொண்டது பிழை என்று நான் சொல்லவரவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் உம்மாவின் மகன் நீ உடனே அழத் தொடங்குவாய். நீ செய்தது சரி. நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் உன்னைப் பார்த்து, இப்படியே போனால் நாற்பதைக் காணமாட்டாய் என்று சொன்னபோது, உனக்கு முன்னால் இருந்த வழிகளில் துணிச்சலானதை எடுத்தாய். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இன்னொரு டொக்டரைத் தேடிப் போவார்கள். நான் எழுதுவது உன் வாப்பாவாக மட்டும் அல்ல. இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் உனக்கு மேல் வகுப்பு. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்குக் குடற்புண் முற்றி, கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் இரைப்பையின் பெரும் பகுதியை வெட்டி எடுத்தார்கள். உன்னுடையதை அழகுக்காக வெட்டினார்கள் என்று ஊர் சொல்லும், என்னுடையதை நோவுக்காக வெட்டினார்கள் என்று சொல்லும். வயிற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அது இரண்டு பேரையும் ஒரே மாதிரித்தான் தண்டிக்கும்.

அதன் சட்டங்களை நான் அடிபட்டுத்தான் படித்தேன். பெரிய பீங்கானில் சாப்பிடாதே; பெரிய பீங்கானில் கொஞ்சம் சோறு கிடந்தால் பார்ப்பவர்களுக்குக் கை துறுதுறுக்கும், உன் கண்ணும் அழும். தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கும் சின்னப் பீங்கான் போதும். முதலில் மீனைச் சாப்பிடு, முட்டையைச் சாப்பிடு. சோறு காத்திருக்கட்டும், நம்முடைய பரம்பரையில் அது ஒருநாளும் காத்திருந்ததில்லை, பழகிக்கொள்ளும். வாயிலேயே அரைத்து முடி, இனி அந்த வேலையைச் செய்ய உள்ளே யாரும் இல்லை. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதே. முன்னால் குடி, அல்லது வெகுநேரம் கழித்துக் குடி. மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள் என்று சொல்லியிருப்பார்கள், குளிசை தந்திருப்பார்கள். அவற்றை நீ இரண்டு மாதம் எடுத்துவிட்டு, சுகமாகிவிட்டது என்று நிறுத்தியிருப்பாய். நானும் நிறுத்தினேன். பிறகு ஒரு நாள் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றபோது தரை இருப்பதே காலுக்குத் தெரியவில்லை. பஞ்சில் நிற்பதுபோல் இருந்தது. பிள்ளைகள் சேர் தள்ளாடுகிறார் என்று சிரித்தார்கள். முஸ்லிம் பாடசாலை ஒன்றில் அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று உனக்குத் தெரியும். ஆகவே உன் கால் மரத்ததற்கு ஏசி காரணம் அல்ல. தின்றதை வாந்தியாக்கி, சத்தி எடுத்து எடுத்து உடம்பில் இருந்த சத்தையெல்லாம் வெளியே கொட்டியிருக்கிறாய். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்குமுன் எழும்பிப்போய் அந்த டொக்டரைக் காண். கால் மரத்தால் சும்மா இருந்துவிடுவார்கள், பிறகு கண்ணுக்கு எல்லாம் இரண்டாகத் தெரியும், பிறகு பெயர்கள் மறக்கும். சில வாசல்களைத் தாண்டினால் திரும்பி வர முடியாது என்று எனக்கு ஊசி போட்ட டொக்டர் சொன்னார். அவர் பகிடி விடுகிற ஆள் அல்ல.

இனிப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்லுவேன். உன் ராத்தாவின் கலியாணத்தில் எனக்கு வட்டிலாப்பம் கொண்டுவந்து தந்தார்கள். பொண்ணுக்கு வாப்பா நான், வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று நினைத்து, ஒரு கிண்ணத்தையும் வழித்துச் சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு கோழி அடைத்த கூடைபோல அடித்தது. வேர்வை சட்டையைத் தாண்டிக் கதிரையில் சொட்டியது. கண் இருட்டி விழுந்துவிட்டேன். பாயில் கிடத்தி, தலைமாட்டில் ஒருவர், மௌத்துக்குக் கிடப்பவருக்கு ஓதும் யாஸீனைத் தொடங்கினார். எனக்கு எல்லாம் கேட்டது. என் காலடியில் இருவர், இந்தத் தவணைக்குச் சரித்திரப் பாடத்தை யார் எடுப்பது என்று மெதுவாகக் கதைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சீனி உடம்பைவிட்டு இறங்க, எழும்பி உட்கார்ந்தேன். ஓதியவர் சிறிது ஏமாற்றத்தோடுதான் நிறுத்தினார். நீ அப்போது ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு எனக்காக அழுதாய், இன்னொரு கையில் வட்டிலாப்பம் இருந்தது.

வயிறு சுருங்கும், ஆனால் மனது சுருங்க நாளாகும். கதவால் போகும்போது நீ இன்னும் பக்கவாட்டில் திரும்பியே போவாய். பஸ்ஸில் இரண்டு பேருக்கான இருக்கையில் பக்கத்தில் ஆள் வந்து உட்கார்ந்தால் திடுக்கிடுவாய். காரணம் இல்லாமல் கோபம் வரும், காரணம் இல்லாமல் அழுகை வரும். பயப்படாதே. சோறு உனக்குச் சாப்பாடாக மட்டும் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ‘மூட்டை’ என்று கூப்பிட்டார்கள், வீட்டுக்கு வந்து சோற்றுச் சட்டியோடு உட்கார்ந்தாய். பரீட்சை பிழைத்தது, சோறு. ஊர் விட்டு ஓடி அகதியாகப் பாடசாலை மண்டபத்தில் கிடந்த நாட்களிலும் உனக்கு எங்கிருந்தோ சோறு தேடி வந்தது. அப்படி ஒரு கூட்டாளி போய்விட்டால் மனிதன் துக்கம் காக்கத்தான் செய்வான். காத்துவிட்டு எழும்பு. கடற்கரையில் நட, யாருடனாவது கதை. நான் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டேன். அவை கொழுப்பு இல்லாதவை, பெரும்பாலானவை உப்பும் இல்லாதவை.

சஹனிலும் பிழைக்கலாம், அதற்கும் வழி இருக்கிறது. ஒரே பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாகக் கைவைத்துச் சாப்பிடுவதில் ஒரு வசதி உண்டு: யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது. சஹன் காலியானால் எல்லோரும் சாப்பிட்டார்கள் என்று பொருள். நான் எந்த விருந்துக்குப் போனாலும் முதலில் ஊரின் பெரிய சாப்பாட்டுக்காரரைத் தேடி அவருடைய சஹனில் போய் உட்காருவேன். என் பங்கு அவர் பக்கம் தானாகவே சாயும். அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சுகம். என் பங்கு இடம் மாறுவதை இத்தனை வருடத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் நல்ல சாப்பாட்டுக்காரன் என்றுகூட ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் இந்த வித்தை விருந்தாளிக்குத்தான். மாப்பிள்ளைக்கு உதவாது. மாப்பிள்ளைச் சஹனில் உன்னைச் சுற்றி உட்காருவது பொண்ணுக்கு மூத்தவர்களாகக் கூடப் பிறந்த காக்காமார். அவர்கள் சாப்பிட வருவதில்லை, உன்னைச் சாப்பிட வைக்க வருகிறார்கள். இறைச்சித் துண்டு எல்லாம் உன் பக்கம் தள்ளப்படும். நீ ஒரு கை வைத்தால் இரண்டு கை வந்து சேரும். சுற்றிலும் சனம் நிற்கும். உள்ளே பெண்கள் பக்கம் நொடிக்கு நொடி செய்தி போகும்: மாப்பிள்ளை கால் எடுத்தார், மாப்பிள்ளை கழுத்து எடுத்தார், மாப்பிள்ளை கையை எடுத்துவிட்டார்.

நீ சொன்ன அந்தக் கிணற்றடி யோசனையை இன்னொருவரும் வைத்திருந்தார். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர், சாய்ந்தமருதில் பேக்கரி வைத்திருந்த லாபீர். எங்கள் இருவருக்கும் ஒரே கிழமையில்தான் வெட்டினார்கள். நல்ல பகிடிக்காரர். “சேர், எங்கட ரெண்டு வயித்தயும் சேத்தாத்தான் இனி ஒரு ஆள்” என்பார். ஊருக்கு வந்ததும் பொண்சாதியின் வீட்டாருக்கு விஷயத்தை மறைத்துவிட்டார். பேக்கரிக்காரன் சாப்பிடமாட்டான் என்று தெரிந்தால் அவனுடைய பாணை யார் வாங்குவார் என்பது அவர் வாதம். விருந்துக்குப் போவார், எல்லோரோடும் சாப்பிடுவார், பின்பக்கம் போய் விரலை விட்டு எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வருவார். ஒருநாள் மச்சானின் புது வீட்டில் குடிபுகும் விருந்து. அப்படித்தான் போய் வந்தார். ஆனால் அன்றைக்குச் சிரிக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நானும் அந்த விருந்தில் இருந்தேன். அவர் வயிறு பலகைபோல் இறுகிக் கிடந்தது. “வாய்வு” என்றார் ஒருவர். “நல்ல சோடா ஒண்டு உடைங்க, ஏப்பம் வந்தாச் சரி” என்றார் இன்னொருவர். அன்புள்ள சனம், ஓடிப்போய் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவந்து, தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கவைத்தார்கள். இவருக்கு ஒப்பரேஷன் செய்த வயிறு, ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று நான் கத்தினேன். அவருடைய மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்து, “என்ன சேர் கதைக்கிறீங்க? என்ட மருமகனுக்கு ஒப்பரேசனா? எங்களுக்குத் தெரியாம?” என்று கேட்டார். அதைத் தீர்ப்பதற்குள் இரண்டாவது சோடாவும் உள்ளே போய்விட்டது. மாலை அஸர் தொழுகைக்குத் தொடங்கிய நோ, பொழுது படும் மஃரிபுக்குள் முற்றியது. சண்டைக் காலம் அது, பொழுது பட்டதும் இராணுவம் வீதியை மூடிவிடும். வயிற்றைத் திறந்து பார்க்கக்கூடிய டொக்டர் சாவடிகளுக்கு அப்பால் இருந்தார். வான்காரர் வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார், முதல் சாவடியிலேயே திருப்பி அனுப்பினார்கள். விடிந்ததும் போகலாம் என்றார்கள். விடிந்தபோது போகவேண்டிய தேவை இருக்கவில்லை. அந்தக் குடும்பம் இன்றைக்கும் அதை வாய்வு என்றுதான் சொல்கிறது.

உன் கலியாணச் சாப்பாடு மஃரிபுக்குப் பிறகு என்று முடிவாகியிருக்கிறது. வீதி இப்போதும் பொழுதுபட மூடித்தான் கிடக்கிறது. இதை இரண்டு தரம் வாசி.

போன கிழமை பொண்ணு வீட்டுக்கு, உன் மாமியைக் காணப் போனேன். விஷயத்தைச் சொல்லிவிடுவது என்ற எண்ணத்தோடுதான் போனேன். மனுஷி முற்றத்தில் நின்று வரவேற்றார். பின் வளவில் இரண்டு கடாக்கள் கட்டிக் கிடந்தன. என்னைப் பார்த்து அவை தலையைத் திருப்பிக்கொண்டன. “காக்கா, படத்தக் கண்டன். புள்ள காஞ்சி கருவாடாப் போயித்தான். நீங்க ஒண்டுக்கும் கவலப்படாதீங்க. எங்கட ஊட்டுக்கு வரட்டும், நாப்பது நாளைக்குள்ள ஆள மாத்திக் காட்டுறன்” என்றார்.

“அவன் இப்ப கொஞ்சம் கொறச்சித்தான் தின்னுறான் தங்கச்சி” என்றேன். “டொக்டரும் கொறைக்கச் சொல்லிரிக்காராம்.”

“அது அங்க. இங்க தின்ன வெக்கிறது என்ட பொறுப்பு. டொக்டருக்கு என்ன தெரியும், அவருக்கா மருமகன்? என்ட மூத்த மருமகன் இந்த ஊட்டுக்கு வந்த நேரம் எப்பிடி இரிந்தார் எண்டு நினைவிரிக்கா? சொத்திக் கத்தரிக்காய் மாதிரி. இப்ப பாருங்க.”

பார்த்தேன். மூத்த மருமகன் சாய்வு நாற்காலியில் இருந்தார். எனக்கு ஸலாம் சொல்ல எழும்ப முயன்றார். அது ஓர் ஆலோசனைக் கூட்டம் வைத்துச் செய்யவேண்டிய வேலையாக இருந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். நன்றியோடு விட்டுவிட்டார். வேர்வை துடைக்க அவருக்கு மடியில் ஒரு துவாய் இருந்தது. உனக்கும் அப்படி ஒரு நாற்காலியைச் செய்யக் கொடுத்திருக்கிறார்களாம், தேக்கில். அதைக் காட்டுவதற்கு என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார்கள். அகலமாகத்தான் இருந்தது. மகன், அந்த மனுஷியிடம் துளியும் கெட்ட எண்ணம் இல்லை. உன்னைக் கொல்லக்கூடிய ஆள் எவரும் இவ்வளவு அன்போடு தயாராவதை நான் சரித்திரத்தில் வாசித்ததில்லை. ஒப்பரேஷன் என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அவர் அதையும் ஒரு காயமாகவே எடுத்துக்கொண்டு, நெய்யால் ஆற்றப் பார்ப்பார் என்று தெரிந்தது. சொல்லவேண்டியவன் நான் அல்ல என்றும் தெரிந்தது. எழும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் உம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ கேட்டுக்கொண்டதற்கு மாறுதான், ஆனால் கசம் என்று நினைத்து ஒரு தாய் இளைப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அழுதாள். அழுது முடித்து, “இவ்வளவுதானா? ஒரு வெட்டின வயித்துக்கு இத்தின வருசம் ஆக்கித்தானே குடுக்கன். இன்னொண்டுக்கு ஆக்க ஏலாதா?” என்றாள். சின்னப் பீங்கான் ஒன்றை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். ஆக உன்னுடைய இரண்டு மறைப்பில் ஒன்று முடிந்தது, வீடு இடிந்து விழவில்லை.

மற்றதைச் சொல்கிறேன். அன்றைக்கு மாமி வீட்டு வாசலைத் தாண்டி ஒழுங்கைக்கு வந்தபோது, பின்னால் யாரோ “மாமா, நில்லுங்க” என்றார்கள். ஜெஸீமாதான், உனக்குப் பேசி வைத்திருக்கும் பிள்ளை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி வேலியோரம் வந்து நின்றாள்.

“அவர் வயித்த வெட்டித் தச்சிரிக்காராமே?” என்றாள்.

நான் வேலியைப் பார்த்தேன். கிளுவை நன்றாகத் தழைத்திருந்தது. “ஆரு மக சொன்ன?” என்றேன்.

“அவர்ர ஆஸ்பத்திரிலதான் நிந்தவூர் ஆள் ஒருத்தரும் வேல. அவர்ர தங்கச்சி என்னோட ஒரே வகுப்பு. எனக்கி நோம்புக்கு முந்தியே தெரியும் மாமா.”

வெளிநாட்டில் ஒருவன் எதை மறைத்தாலும், அது அவனுக்கு முன்னால் விமானம் ஏறி ஊருக்கு வந்துவிடும். நீ இதை அறிந்திருக்கவேண்டும்.

“உம்மாக்குச் சொல்லல்லயா?” என்று கேட்டேன்.

“இல்ல. அவர் சொல்லுவார், சொல்லுவார் எண்டு பாத்துக்கிட்டிரிக்கன். நோம்புக்குப் பொறகு மூணு கடிதம் வந்த. ஒண்டுல அங்க வெயிலாம். மத்ததுல புழுதிக் காத்தாம். கடைசிக் கடிதத்துல திரும்பவும் வெயிலாம்.”

“வெக்கத்துல எழுதாம இரிப்பான் மக.”

“வெட்டினது எனக்கி ஒரு பிரச்சினயும் இல்ல. உசிரோட இரிக்கத்தானே வெட்டிரிக்கார். குண்டான ஆளக் காட்டினாங்க, ஓமெண்டன். மெலிஞ்ச ஆளுக்கும் ஓமெண்டுதான் சொல்லுவன். ஆனா அங்க ரூமுல ஆக்கள் பகிடி பண்ணுவாங்க எண்டு, அவங்களோட இரிந்து தின்னுத்து, பொறகு போய் சத்தி எடுக்கிறாராம். அந்த நிந்தவூர் ஆள் கண்டிரிக்கார். இங்க வந்து எங்கட உம்மாட சோத்தத் தின்னுத்து, அதயே செஞ்சித்து, எனக்கிட்ட வந்து சிரிப்பாரா? ஒரு நாளைக்கி எனக்கிப் பக்கத்துல கிடந்து மௌத்தாகிற நேரமும் வெயிலப் பத்தித்தான் கதைப்பாரா?”

ஒழுங்கையில் ஒரு சைக்கிள் போனது. அது போகும்வரைக்கும் முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்:

“நிக்காஹ்வுக்குக் காவின் எழுதுறண்டு என்ட அறைக்குச் சம்மதம் கேட்டு வருவாங்கதானே மாமா. பொம்புளப்புள்ள பேசாம இரிந்தா ஓமெண்டு எடுத்துக்குவாங்க. நான் பேசாம இரிக்க மாட்டன். அதுக்கு முந்தி அவர் என்ட காதுக்கு நேர சொல்லியிரிக்கணும். எங்கட உம்மாக்கும் அவர்தான் சொல்லணும்; நான் பக்கத்துல நிண்டு, சோத்த நான்தான் போடுவன் எண்டு சொல்லுறன், அது என்ட பாடு. அவர் சொல்லாட்டி, எல்லாருக்கும் கேக்க ‘இல்ல’ எண்டு சொல்லுவன். நீங்க இத அவருக்கு எழுதுங்க.”

எழுதிவிட்டேன். இதைத் தபாலில் போடாமல், நாளை விமானம் ஏறும் ஒருவர் கையில் கொடுக்கிறேன். அவர் நிந்தவூர் ஆள் அல்ல.

மகன், நான் பல கலியாணங்களில் சாட்சியாகப் பெண்ணின் அறைக்குப் போயிருக்கிறேன். நாங்கள் வாசலில் நின்று கேட்போம், உள்ளே ஒரு சத்தமும் வராது, திரும்பி வந்து சம்மதம் என்று சொல்வோம், பதிவுகாரர் எழுதுவார். மௌனத்தைக் கேட்டுப் பழகிய காதுகள் எங்களுடையவை. வேறு ஒரு சொல் வந்தால் என்ன செய்வது என்று எங்களில் எவருக்கும் தெரியாது. அன்றைக்குச் சனம் நிறைந்திருக்கும். சஹன்கள் பரிமாறத் தயாராக இருக்கும். காக்காமார் கையைக் கழுவிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு இப்போதைக்குத் தெரிவது இரண்டு முடிவுதான். நீ அந்தச் சஹனில் கைவைப்பாய், நான் வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அல்லது அதற்கு முன்னமே அந்தப் பிள்ளை வாயைத் திறப்பாள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது உன் கையில் மட்டும் இருக்கிறது. டொக்டரிடம் போய்க் காலைக் காட்டிவிட்டு வந்ததும் அவளைக் கூப்பிட்டுக் கதை. வெயிலை விடு. வெட்டியதைச் சொல், எடுத்த சத்தியையும் சொல். வெட்கமாக இருந்தால் வெட்கத்தையும் சொல்.

அவள் சும்மா சொல்லுகிறாள் என்று நினைத்துவிடாதே. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் அவளுக்கு இது இரண்டாவது வருடம். அங்கே ஆசிரியைகளுக்கு முதலில் பழக்குவது, வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கும்படி ஒரு சொல்லைச் சொல்லத்தான்.

இப்படிக்கு,
துஆவோடு,
உன் வாப்பா